ஆடை உரைத்த சாட்சி: எபிரேய மறையிலிருந்து கல்முனைக் கரைவரை

எபிரேய மொழியில் ஆடையைச் சுட்டும் ‘பெகெத்’ என்னும் பெயர்ச்சொல்லும், துரோகம் செய்தலைச் சுட்டும் ‘பாகத்’ என்னும் வினைச்சொல்லும் ஒரே மூன்று மெய்யெழுத்துகளால் எழுதப்படுவன. உயிர்க்குறி இடப்படாத பழைய ஏட்டில் இவ்விரண்டையும் இடம் நோக்கியே பிரித்தறிதல் வேண்டும். இரண்டும் ஒரே வேரின் கிளைகளா, தற்செயலாய் ஒத்தவையா என்பது மொழிநூலாருக்குரிய வினா. ஆனால் பழைய யூத அறிஞர் இவ்வொப்புமையைக் காணாது விட்டாரல்லர். ஈசாக்கு தன் மகனது ஆடையின் மணத்தை முகர்ந்தான் என ஆதியாகமம் கூறுமிடத்தில், ‘ஆடைகள்’ என்ற சொல்லைத் ‘துரோகிகள்’ என மாற்றி வாசித்துப் பொருள் காணும் விளக்கமொன்று பாபிலோனியத் தல்மூதிலே உண்டு.

எபிரேய மறைநூலில் மயக்குதலும் காட்டிக்கொடுத்தலும் வருமிடங்களை நோக்கின், பெரும்பாலும் அங்கே ஓர் ஆடையோ, ஆடையைப் போன்று உடலோடு ஒட்டிய ஒரு பொருளோ கிடப்பதைக் காணலாம். அப்பொருள் சாட்சியாக முன்வைக்கப்படுகின்றது. அச்சாட்சி மெய்யோ பொய்யோ என்பதிலேயே கதைமாந்தரின் உயிர் தங்கியுள்ளது. இவற்றுள் ஒரு கதை அறபு மொழிக்குச் சென்று, பாரசீகத்திற் காவியமாகி, தமிழிலே கிஸ்ஸாவாகி, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள முஸ்லிம் ஊர்களின் செவிச்செல்வமாயிற்று. அவ்வழியிலே அந்த ஆடையின் சாட்சியும் மாறிற்று. அம்மாற்றமே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஆதியாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்திலேயே இது தொடங்குகின்றது. கண்பார்வை மங்கிய ஈசாக்கினிடம் மூத்தவனுக்குரிய ஆசியைப் பெறும்பொருட்டு, இளையவனாகிய யாக்கோபுக்கு ஏசாவின் ஆடையை உடுத்தி, கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டித் தோலைப் போர்த்தி அனுப்புகின்றாள் தாய் ரெபெக்காள். தந்தை ஏமாறுகின்றான். ஆண்டுகள் பல சென்றபின், அதே யாக்கோபின் முன்னிலையில் அவனுடைய புதல்வர்கள் ஓர் அங்கியைக் கொண்டுவந்து போடுகின்றனர். தம்பி யோசேப்பை அடிமையாகப் போகவிட்டபின் அவனுடைய அங்கியை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்து, இஃது உம்முடைய மகனுடையதா என அறிந்துகொள்ளும்படி கேட்கின்றனர். ஆட்டையும் ஆடையையும் கொண்டு தந்தையை ஏமாற்றியவன், ஆட்டினாலும் ஆடையினாலுமே ஏமாற்றப்படுகின்றான். நூல் இதைச் சுட்டிக்காட்டவில்லை. சுட்டாமல் விட்டதே அதன் திறம்.

அடுத்த அதிகாரம் யோசேப்பின் வரலாற்றை இடையில் நிறுத்தி, அவனை விற்றுவிட யோசனை கூறிய யூதாவின் இல்லத்தைக் காட்டுகின்றது. யூதாவின் மருமகள் தாமார் விதவையானவள். அக்கால வழக்கப்படி, மாண்ட கணவனின் பெயர் நிலைக்கும்படி அவன் தம்பியை அவளுக்கு மணமுடித்தல் வேண்டும். யூதா அதனைச் செய்யாது தள்ளிப்போடுகின்றான். தாமார் விதவைக்குரிய ஆடையைக் களைந்து, முக்காடிட்டு, அவன் செல்லும் வழியிலே பொதுமகள் போல அமர்கின்றாள். யூதா அவளை நாடி, ஓர் ஆட்டுக்குட்டியை விலையாகப் பேசி, அது வரும்வரை தன் முத்திரையையும் அதன் கயிற்றையும் கைக்கோலையும் ஈடாகக் கொடுக்கின்றான். மருமகள் கருவுற்றாள் எனக் கேட்டதும் அவளை எரிக்குமாறு ஆணையிடுபவனும் அவனே. அப்பொழுது தாமார் அந்த ஈட்டுப் பொருள்களை அவனிடம் அனுப்பி, இவை யாருடையவை என அறிந்துகொள்ளும்படி கேட்கின்றாள். யாக்கோபின் முன் அங்கியை வைத்தபோது புதல்வர்கள் கூறிய அதே எபிரேயச் சொற்களே இங்கும் வருகின்றன. யூதா அவற்றை அறிந்து, தன்னிலும் அவளே நீதியுடையவள் என ஒப்புக்கொள்கின்றான். மயக்கியவள் பெண், வஞ்சித்தவன் ஆண், தீர்ப்பு பெண்ணின் பக்கம். எபிரேய மறையிற் பெண்கள் வஞ்சகிகளாகவே காட்டப்படுகின்றனர் எனப் பொதுப்படக் கூறுவோர் இவ்வதிகாரத்தை வாசிக்காதவராதல் வேண்டும்.

முப்பத்தொன்பதாம் அதிகாரமே இவை அனைத்தினும் புகழ்பெற்றது. எகிப்தில் போத்திபாரின் இல்லத்தில் அடிமையாயிருந்த யோசேப்பை அவனுடைய எசமானி நாள்தோறும் அழைக்கின்றாள். அவன் மறுக்கின்றான். வீட்டில் வேறெவருமில்லாத ஒருநாள் அவள் அவனுடைய ஆடையைப் பற்றுகின்றாள். அவன் அதனை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடுகின்றான். இதன்பின் ஏழே வசனங்களுக்குள் ‘பெகெத்’ என்ற சொல் ஆறு முறை வருகின்றது. எபிரேயச் செவிக்கு ஒவ்வொரு முறையும் அதனுள்ளே துரோகம் என்ற ஒலியும் கேட்டிருத்தல் வேண்டும்.

அப்பெண் பேசும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் அவள் வீட்டு வேலையாட்களை அழைக்கின்றாள். அவர்களிடம் யோசேப்பை ‘எபிரேய மனிதன்’ எனச் சுட்டி, நம்மை இழிவுபடுத்தவே அவன் கொண்டுவரப்பட்டான் என்கின்றாள். அவ்வேலையாட்களும் அடிமைகளே; எனினும் அந்த ‘நம்மை’ என்ற சொல்லால் அவர்கள் அவள் பக்கமாகிவிடுகின்றனர். கணவன் வந்ததும் அதே செய்தி சற்றே திரிந்து, ‘நீர் கொண்டுவந்த எபிரேய அடிமை’ என்றாகின்றது. அந்நியன் என்பது ஒருவரிடத்தும், அடிமை என்பது மற்றவரிடத்தும் முன்வைக்கப்படுகின்றன. ஆடை அவளருகே கிடக்கின்றது. யோசேப்பிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவன் தன் தரப்பிற் கூறிய ஒரு சொல்லும் அங்கே பதிவாகவில்லை. போத்திபார் சினந்தான் என்று நூல் கூறுகின்றது. யார்மீது சினந்தான் எனக் கூறவில்லை. அடிமையைக் கொல்லாது சிறையிலிட்டான் என்பதைக் கொண்டு, மனைவியின் சொல்லை அவன் முழுதும் நம்பவில்லை எனக் கருதிய உரையாசிரியரும் உளர். எவ்வாறாயினும், யாக்கோபின் முன் பொய் உரைத்தது போலவே இரண்டாம் முறையும் யோசேப்பின் ஆடை பொய்ச்சாட்சியாயிற்று.

இவ்வகைக் கதை எபிரேயர்க்கே உரியதன்று. கி.மு. 1200 அளவில் எழுதப்பட்டு, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்தியப் பாப்பிரசு ஏடொன்றில் அன்பு, பாத்தா என்னும் இரு சகோதரரின் கதை உள்ளது. அண்ணன் மனைவி தம்பியை விழைந்து, அவன் மறுக்கவே பழி சுமத்துகின்றாள். தமிழரும் தெலுங்கரும் மேடையிலும் பின்னர்த் திரையிலும் கண்ட சாரங்கதரன் கதையும் இதன் உறவே. ஆங்கே சிற்றன்னையின் பழிச்சொல்லால் இளவரசன் கைகால் இழக்கின்றான். ஆனால் எகிப்தியக் கதையில் அண்ணன் பின்னர் உண்மை அறிந்து மனைவியைக் கொல்கின்றான். ஆதியாகமத்திலோ போத்திபாரின் மனைவி அதன்பின் வருவதேயில்லை. யோசேப்பு எகிப்தின் ஆட்சியில் இரண்டாமிடத்துக்கு உயர்ந்தபின்னும் அந்த வழக்கு மீளவும் விசாரிக்கப்படவில்லை.

சிம்சோன், தெலீலாள் கதையையும் இவ்விடத்திற் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். ஓவியரும் திரைப்படத்தாரும் அதை அவ்வளவு திரித்துள்ளனர். நியாயாதிபதிகள் நூல் தெலீலாளைப் பெலிஸ்தியப் பெண் என்று கூறவில்லை. பரத்தை என்றும் கூறவில்லை. சோரேக்குப் பள்ளத்தாக்கிலிருந்தவள் என்று மட்டுமே கூறுகின்றது. சிம்சோன் அவளை நேசித்தான் என்றுள்ளது. அவள் அவனை நேசித்தாள் என்றில்லை. பெலிஸ்தியத் தலைவர் ஒவ்வொருவரும் ஆயிரத்து நூறு வெள்ளிக்காசு தருவதாக வாக்களிக்கின்றனர். அவளோ தன் நோக்கத்தை மறைக்காமலே, உன்னை எதனாற் கட்டலாம் என்று கேட்கின்றாள். அவன் மூன்றுமுறை பொய் கூறுகின்றான். மூன்றாம் பொய்யின்படி அவனுடைய ஏழு சடைகளும் தறியிலே பாவோடு சேர்த்து நெய்யப்படுகின்றன. நான்காம் முறை உண்மையைக் கூறிவிடுகின்றான். இதற்கு முன்னரே திம்னாத்துப் பெண் ஒருத்தி ஏழுநாள் அழுது அவனது விடுகதையின் விடையைப் பெற்றுத் தன்னவரிடம் உரைத்தாள். அந்த விடுகதைக்குப் பந்தயமாக வைக்கப்பட்டவை முப்பது துப்பட்டிகளும் முப்பது மாற்றாடைகளுமாம். ஆயினும் அவள் அதனைத் தன் விருப்பால் உரைத்தவளல்லள். உரைக்காவிடில் அவளையும் அவள் தந்தை வீட்டையும் எரித்துவிடுவதாக ஊரார் மிரட்டியிருந்தனர். திருக்குர்ஆன் சிம்சோனைக் குறிப்பிடவில்லையெனினும், தபரீயின் வரலாற்று நூலிலே அவன் கதை இடம்பெறுகின்றது.

யோசேப்பின் கதையோ திருக்குர்ஆனில் தனியொரு அத்தியாயமாகவே அமைந்துள்ளது. நூற்றுப்பதினொரு வசனங்கள் கொண்ட பன்னிரண்டாம் அத்தியாயமாகிய சூறா யூசுபு, ஒரே வரலாற்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை தொடர்ந்து கூறுவது. அதிலே யூசுபு நபியின் சட்டை மும்முறை வருகின்றது. முதலில் பொய் இரத்தம் பூசிய சட்டை. ஆதியாகமத்தின் யாக்கோபு அதைக் கண்டு நம்பித் துயருற்றான். திருக்குர்ஆனின் யஃகூபு நபியோ இஃது உங்கள் மனங்கள் புனைந்த செயல் எனப் புதல்வரிடம் கூறிப் பொறுமையை மேற்கொள்கின்றார். மகனைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதோ என அவர் வினவியதாக விரிவுரையாளர் கூறுவர். மூன்றாவது, இறுதியில் எகிப்திலிருந்து அனுப்பப்படும் சட்டை. அது முகத்தில் இடப்பட்டதும், அழுது குருடாகிய தந்தையின் கண்கள் ஒளி பெறுகின்றன.

நடுவிலுள்ளதே இங்கு முதன்மையானது. யூசுபு நபி கதவை நோக்கி ஓட, அஸீஸின் மனைவி பின்தொடர்ந்து பற்ற, சட்டை பின்புறமாகக் கிழிகின்றது. கதவருகே கணவன் நிற்கின்றான். அவள் முந்திக்கொண்டு பழி கூறுகின்றாள். ஆனால் இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய்திறக்கின்றார். அவளே தம்மை அழைத்தாள் என மறுக்கின்றார். அப்பொழுது அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய் எனச் சோதனை வகுக்கின்றார். ஆதியாகமத்தில் அடிமையைக் குற்றவாளியாக்கிய ஆடை, இங்கே அவரை விடுவிக்கின்றது. விட்டுச்செல்லப்பட்ட ஆடை பிறர் சொற்படி பொருள் தரும்; கிழிந்த ஆடையோ கிழிந்த திசையைத் தானே காட்டும்.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை என்பதை மேடையிற் பேசுவோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். சான்றுகளைக் கண்டபின்னரும் யூசுபு நபியைச் சிறிதுகாலம் சிறையில் வைப்பதே நல்லதென அவர்களுக்குத் தோன்றிற்று எனத் திருக்குர்ஆன் கூறுகின்றது. குற்றமற்றவர் என்பது தெரிந்தே அடைத்தனர். பெரிய வீட்டின் பெயர் கெடாதிருத்தல் அடிமையின் நீதியினும் பெரிதாயிருந்தது. எபிரேயக் கதையின் அநீதி அறியாமையால் நேர்ந்ததெனச் சமாதானம் கூறலாம். இதற்கு அச்சமாதானமும் இல்லை.

திருக்குர்ஆன் அப்பெண்ணின் பெயரைக் கூறவில்லை. ஸுலைகா என்ற பெயர் பிற்கால மரபிற் சேர்ந்தது. 1483ஆம் ஆண்டிற் பாரசீகக் கவிஞர் ஜாமீ இயற்றிய காவியத்தில் அவள் வஞ்சகியல்லள். கனவிற் கண்ட ஒளியைத் தேடி வாழ்நாளெல்லாம் வாடி, இறுதியில் இறைவனை அறிந்து, யூசுபு நபியையே மணக்கும் காதலி. சூபி நெறியார் அவளை இறைவனை நாடும் உயிராகக் கண்டனர். தமிழிலே 18ஆம் நூற்றாண்டில் மதாறு சாகிபுப் புலவர் யூசுபு நபி கிஸ்ஸாவை இயற்றினார். 20ஆம் நூற்றாண்டிற் சாரண பாஸ்கரன் ‘யூசுப் ஜுலைகா’ என்னும் காப்பியத்தைப் பாடினார். கிஸ்ஸா என்பது கதை என்னும் பொருளுடைய அறபுச் சொல். பேரவைக்குரிய புராணங்கள் போலன்றி, வீட்டிலும் முற்றத்திலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டற்குரியன கிஸ்ஸாக்கள். தமிழெழுத்து அறியாத பெண்களுட் பலர் அறபெழுத்தில் எழுதிய தமிழை வாசிக்க வல்லவராயிருந்த காலமும் உண்டு.

கல்முனைப் பகுதியின் சமூக அமைப்பு இக்கதையைக் கேட்போர்க்கு ஒரு தனிப்பொருளைத் தரவல்லது. இக்கரையின் முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமரபுடையவர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்வது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வது. சூறா யூசுபு அஸீஸின் மனைவியை அறிமுகம் செய்யும்போது, அவர் எவளுடைய வீட்டில் இருந்தாரோ அவள் எனக் குறிக்கின்றது. ஆதியாகமம் அதே வீட்டை எசமானனுடைய வீடு என்றே கூறும். வீடு பெண்ணுடையது என்ற வழக்கில் வளர்ந்த காதுக்கு அந்த அறபுத் தொடர் வியப்பளிக்காது. அன்றியும், மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். பாவும் ஊடும் அறிந்த நெசவாளர்க்குத் துணி எப்பக்கம் பற்றி இழுத்தாற் கிழியும் என்பதை விளக்க விரிவுரையாளர் வேண்டுவதில்லை. தெலீலாளின் தறியும் அவர்க்கு அயலானதன்று.

இதே கரையில் ஆதியாகமத்தின் கதையும் வழங்கிற்று. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு 1719இல் மறைவதற்கு முன்னரே பழைய ஏற்பாட்டை ரூத்து வரை தமிழாக்கியிருந்தார். ஆகவே யோசேப்பும் சிம்சோனும் முதன்முதலிற் தமிழ் பேசிய விவிலியத்திலேயே உள்ளனர். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து மெதடிஸ்தத் திருச்சபையின் பணி இப்பகுதியிற் பரவலாயிற்று. ஆலயத்தில் யோசேப்பு எனவும் பள்ளிவாசலில் யூசுபு நபி எனவும் ஒருவரே இருவகைத் தீர்ப்புடன் கேட்கப்பட்டார்.

மூன்றாவது ஒரு குரலும் உண்டு. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு முதலிய ஊர்களின் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிற் குளிர்த்தி விழா நிகழும். அப்போது கண்ணகி வழக்குரை பாடப்படும். வி.சீ. கந்தையா 1968இற் பதிப்பித்து வெளியிட்ட நூல் அதுவே. அங்கே சாட்சி சிலம்பு. கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பெனப் பொய்ச்சாட்சியாகி அவன் உயிரைக் குடிக்கின்றது. பின்னர் அரசவையிற் சிலம்பு உடைந்து மெய்யுரைக்கின்றது. ஆதியாகமத்தின் மேலாடையையும் சூறா யூசுபின் சட்டையையும் ஒருசேரத் தன்னுள் அடக்கியது போன்றது அச்சிலம்பு. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததென இங்குக் கூறப்படவில்லை. அயலூரானாய், தனக்காகப் பேசுவார் எவருமின்றி அகப்பட்டவன் என்பதில் மதுரைக் கோவலனும் எகிப்தின் யோசேப்பும் ஒருவரே. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்லுமிடத்துச் சவளக்கடை போன்ற வயற்புறத்து ஊர்களில், முஸ்லிம் குடியிருப்பும் தமிழ்க் குடியிருப்பும் அருகருகே அமைந்துள்ளன. ஒரே காற்றில் இரு வழக்குரைகளும் கேட்கக்கூடிய நிலம் அது.

இனி, இக்கதையினால் விளைந்த ஒரு கேட்டையும் கூறாதிருத்தல் முறையன்று. சட்டை பின்புறம் கிழிந்திருத்தலைக் கண்டதும், பெண்களின் சூழ்ச்சி பெரிது என்னும் கருத்துப்பட ஒரு பேச்சு வருகின்றது. பிற்காலத்தில் அது பெண்ணினத்தின் மீதான பொதுத் தீர்ப்பாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. வசனத்தின் இடம் நோக்கின், அது தன் வீட்டின் மானத்தைக் காக்க முயலும் கணவன் தன் மனைவியிடம் கூறும் பேச்சு. அதற்கடுத்த மூச்சிலேயே அவன் யூசுபு நபியிடம் இதைப் பொருட்படுத்தாது விட்டுவிடுமாறு கூறுகின்றான். இவ்வாறு மூடி மறைத்தவனின் சொல்லை மறைநூலின் தீர்ப்பெனக் கொள்ளுதல் பொருந்துமா? அதே அத்தியாயத்தில் முதலில் வஞ்சித்தவர்கள் பத்து ஆண்மக்கள் என்பதை ஏனோ எவரும் பழமொழியாக்கவில்லை.

1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் பெருந்தொகையினராக மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றனர். அவர்களுள் இக்கரையின் முஸ்லிம் பெண்களும் உளர். அந்நிய நாட்டில், பிறர் வீட்டில், கதவின் திறப்பு தன் கையில் இல்லாமல், எசமானரின் சொல்லுக்கு எதிராகத் தன் சொல் எடுபடாத நிலையில் இருப்பவர் இன்று பெரும்பாலும் பெண்ணே. சூறா யூசுபை ஓதும்போது அத்தகையவள் தன்னை ஸுலைகாவின் இடத்தில் வைத்துக் காணாள். யூசுபின் இடத்திலேயே காண்பாள். பெண்களை ஐயுறுதற்கு எடுத்தாளப்பட்ட கதை, அவள் காதில் வேறொன்றாய் ஒலிக்கும்.

அந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் அரசனின் கனவுக்குப் பொருள் கூறியபின் யூசுபு நபியை விடுவிக்குமாறு ஆணை வருகின்றது. ஆதியாகமத்தில் யோசேப்பு முடியைச் சிரைத்து, ஆடையை மாற்றிக்கொண்டு பார்வோன்முன் விரைகின்றான். திருக்குர்ஆனில் யூசுபு நபி வர மறுக்கின்றார். தூதனைத் திருப்பியனுப்பி, கைகளை வெட்டிக்கொண்ட அப்பெண்களின் செய்தி என்னவென்று முதலில் அரசனிடம் கேட்குமாறு கூறுகின்றார். வழக்கு மீண்டும் எடுக்கப்படுகின்றது. நகரத்துப் பெண்கள் அழைக்கப்பட்டு, அவரிடத்தில் ஒரு தீங்கும் அறியோம் என்கின்றனர். அதன்பின் அஸீஸின் மனைவி, எவரும் வற்புறுத்தாமலே, தானே அவரை அழைத்ததாகவும் அவர் உண்மையாளர் என்றும் அவையறியக் கூறுகின்றாள். அதற்குப் பிறகே அவர் சிறையை விட்டு வெளியே வருகின்றார்.